எஸ்பெராண்டோ: 'மல்' வசப்பட்டுச்சு, 'நெனீயு' இன்னும் முரண்டு பிடிக்குது

எஸ்பெராண்டோ, திட்டம் போட்டு உருவாக்குன ஒரு மொழி. அதைக் கத்துக்கும்போது நாலு மாசமா படுத்தி எடுத்த 'மல்'ங்கிற முன்னொட்டு ஒருவழியா கைக்கு வந்துருச்சு, அந்த சந்தோஷத்துலதான் எழுதுறேன். சொல்லோட கடைசியில -ஓ வந்தா பெயர்ச்சொல், -ஆ வந்தா அடைமொழி, அந்தக் கதையை இத்தோட விட்டுடுறேன்.

எதிர்ச்சொல்லுக்குனு தனி வேர் மனப்பாடம் பண்ண வேணாம், முன்னாடி மல் ஒட்டிக்கோனு இந்த மொழியை உருவாக்குன ஜாமென்ஹாஃப் 1887லயே வழி பண்ணிட்டாரு. 'போனா'ன்னா நல்லது, 'மல்போனா'ன்னா கெட்டது. ஃபெர்மி மூடுறது, மல்ஃபெர்மி திறக்குறது. இதுவரைக்கும் சுலபம். ஆனா எந்தப் பக்கம் வேர், எந்தப் பக்கம் மல்னு யூகிக்க முடியாது. 'சாத்தா'ங்கிறது வயிறு நிறைஞ்ச நிலை, அதனால பசிச்ச நிலை 'மல்சாத்தா'. நமக்குப் பசிதானே முதல்ல, அங்க நிறைவு முதல்ல! இந்த மாதிரி தலைகீழா இருக்குற சொல்லை மட்டும் தனி அட்டையில எழுதி வச்சிருக்கேன் (பிரிண்டிங் பிரஸ்ல மிச்சம் விழுற கெட்டி அட்டை கேட்டா சும்மாவே குடுப்பாங்க, கடையில கட்டு வாங்காதீங்க).

உண்மையான சிக்கல் மல்லுக்கும், 'இல்ல'ங்கிற 'நெ'வுக்கும் நடுவுல. 'நேத்து நான் சாப்பிடல'னு சொல்ல வந்து 'மல்மான்ஜிஸ்'னு எழுதி அனுப்பிட்டேன். எழுத்துத்தோழர் உடம்பு சரியில்லையானு பதறிட்டாரு, ஏன்னா மல் போட்டா செயலே தலைகீழாகுது, தின்னது வெளிய வருது. 'நெ மான்ஜிஸ்'னு எழுதியிருக்கணும். நாம பேச்சுல எல்லாத்துக்கும் 'இல்ல'யையே போட்டு ஓட்டிடுறோம்ல, டீ சூடா இல்லம்போம், அது வெதுவெதுப்பாவும் இருக்கலாம் ஆறி அவலாவும் போயிருக்கலாம். அங்க வார்மா சூடு, மல்வார்மா சில்லுனு இருக்குறது, நெவார்மான்னா சூடு இல்லங்கிறது மட்டும்தான், எவ்வளவு ஆறுச்சுனு அது சொல்லாது.

தெளிவு வந்தது அமீகோவுல. அமீகோ நண்பன், மல்-அமீகோ பகைவன், நெ-அமீகோ நண்பன் இல்லாதவன், அவ்வளவுதான், பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி. பழைய உரைகாரங்க பகை, நொதுமல், நட்புனு மூணா பிரிப்பாங்களே, பகையும் இல்லாம நட்பும் இல்லாம இருக்குற அந்த நொதுமல் இடம்தான் இது! இது பிடிபட்டதும் ஒரு வாரம் கண்ணுல பட்ட சொல்லையெல்லாம் மூணா பிரிச்சுப் பார்த்தேன், வேற வேலையே ஓடல.

அப்புறம் நெமல்ஹவேப்லா. ஹவி வச்சிருக்குறது, மல்ஹவி இல்லாம தவிக்கிறது, எப்ல் முடியும்ங்கிறது, முன்னாடி நெ. 'இல்லாம இருக்க முடியாத', அதாவது இன்றியமையாத! ரெண்டு மறுப்பையும் ஒரே சொல்லுக்குள்ள அடுக்கியும் ஒண்ணு இன்னொண்ண அடிச்சுக்கல. என்னோட அட்டைக்கட்டுலயே அழகான அட்டை இதுதான். மல் அதிகமாகுதுனு கவிதையில மல்யூனாவுக்குப் (வயசான) பதிலா 'ஓல்டா' போடுறவங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்கல, மல்தான் இந்த மொழிக்கு முதுகெலும்பு.

தோத்துட்டு நிக்கிறது நெனீயுகிட்ட, அதாவது 'யாரும் இல்ல'ங்கிற சொல்லுகிட்ட. 'யாரும் வரல'ங்கிறதுக்கு 'நெனீயு வேனிஸ்'. வேனிஸ்னா 'வந்தாங்க'தான், வினையில மறுப்பே கிடையாது! எஸ்பெராண்டோவோட அடிப்படை இலக்கண விதி 16ல 12ஆவது இதான், வேற மறுப்புச்சொல் இருந்தா நெ வராது. நம்ம 'யாரும்'ல மறுப்பே இல்ல, 'யாரும் வரலாம்'னும் சொல்றோம், மறுப்பு முழுக்க வினையோட வால்லதான் தொங்குது, அதனால கை தன்னால நெ போட்டுடுது. மாத்தி 'ஈயு நெ வேனிஸ்'னு எழுதினா 'யாரோ ஒருத்தர் வரல'னு ஆகிடுது.

டோக்கி போனாங்கிற இன்னொரு உருவாக்குன மொழியில 'ஆலா'ங்கிற சொல் ஒண்ணே ஒண்ணை வச்சு மறுப்பு, ஆமாவா இல்லையாங்கிற கேள்வி ரெண்டையும் நடத்துறாங்க, அதையும் படிக்கணும், ஒரு நோட்டு வாங்கியாச்சு. ஆனா நெனீயு மாதிரி 'நெனி'யில தொடங்குற மறுப்புச்சொல் குடும்பத்துல மொத்தம் ஒன்பது சொல், முதல்ல அதை முடிக்கணும். இன்னைக்கு நெனீயாம், 'ஒருநாளும்'. பத்து வாக்கியம் எழுதினேன், மூணுல நெ ஒட்டிக்கிட்டு வந்துருச்சு.