ஒரு வைஃபை பெட்டி, ஐந்து பேர், இரண்டு நாடு

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, மாசியில் ஐந்து பேராக மலேசியா, சிங்கப்பூர் கிளம்பினோம். நான், மனைவி, மகள், அம்மா, மாமனார். ஆளுக்கொரு சிம் வாங்குவதைவிட எல்லோர் போனுக்கும் நெட் கொடுக்கிற, கையடக்கமான ஒரு வைஃபை பெட்டியை வாடகைக்கு எடுத்தால் மலிவு என்று மகள் கணக்குப் போட்டாள். விசா, டிக்கெட் எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொண்டார். பெட்டி மட்டும் எங்கள் பொறுப்பு.

சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனியில் பாஸ்போர்ட் நகல், டிக்கெட் நகல், 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டார்கள். அது பத்து நிமிஷ வேலை. கூரியர்தான் வரவில்லை. வெள்ளிக்கிழமை விமானம். புதன்கிழமை மதியம் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று மெசேஜ் வருகிறது. அம்மா காலையிலிருந்து திண்ணையை விட்டு நகரவில்லை. வலங்கைமானிலிருந்து பஸ் பிடித்துக் கும்பகோணம் கூரியர் ஆபீஸுக்குப் போனேன்.

“உங்க பக்கம் வாரத்துல ரெண்டு நாள்தான் சார் வண்டி.”

“அப்ப வீடு பூட்டியிருந்துச்சுன்னு யாரு பாத்தது?”

“அது சிஸ்டமா போடுறது சார்.”

சரி, பார்சலையாவது கொடுங்கள் என்றால் ஒரிஜினல் ஆதார் வேண்டுமாம். போனில் இருக்கிற படம் செல்லாது. அன்றைக்கு மட்டும் கும்பகோணத்துக்கு இரண்டு நடை. கிராமத்தில் இருப்பவர்கள் டவுனில் தெரிந்தவர் கடை முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டியோடு ஒரு பவர் பேங்க்கும் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மனைவி அந்தப் பையை அப்படியே முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் சூட்கேஸில் வைத்துவிட, திருச்சி ஏர்போர்ட்டில் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

கோலாலம்பூரில் இறங்கிப் பெட்டியைத் தட்டியதும் சிக்னல் வந்துவிட்டது. மறுநாள் பதினொரு மணிக்குள் ஆமை வேகம். எங்கள் பிளானில் ஒரு நாளைக்கு 1 ஜிபி வரைதான் முழு வேகம். யாருமே படம்கூடப் பார்க்கவில்லையே என்று தேடினால், வைஃபை கிடைத்த சந்தோஷத்தில் ஐந்து போனும் முதல் நாள் எடுத்த போட்டோ, வீடியோவையெல்லாம் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கின்றன. போனுக்கு இது வீட்டு வைஃபையா, அளந்து கொடுக்கிற வைஃபையா என்று தெரியாது. ஆண்ட்ராய்டில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு ‘மீட்டர்டு’ என்று மாற்றுங்கள். போட்டோ பேக்கப்பையும் ஆப் அப்டேட்டையும் ஊரிலேயே நிறுத்திவிட்டுப் போவது இன்னும் நல்லது.

பத்துமலையில் வேறு கூத்து. முழங்கால் வலி என்று அம்மா முருகன் சிலைக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டி என் சட்டைப் பையில். 272 படி ஏறிக் கும்பிட்டு இறங்கி வந்தால் அம்மாவைக் காணோம். பெட்டி என்னோடு மேலே போனதும் அவர் போனில் நெட்டும் போய்விட்டது. சிம்முக்கு ரோமிங்கும் போடவில்லை. முக்கால் மணி நேரம் தேடினோம். வெயில் தாங்காமல் ஒரு கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, “நானும் உனக்கு அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்” என்கிறார். கூட்டமாகப் போகிறவர்கள் பெட்டி போக இன்னொரு போனுக்காவது ரோமிங் போட்டு வையுங்கள். பேங்க் ஓடிபியும் எஸ்எம்எஸ்ஸில்தான் வரும், பெட்டி வழியாக வராது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஜொகூர் பாருவில் மலேசியா முத்திரை குத்தி, பஸ் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் எல்லையான உட்லண்ட்ஸில் நின்றதும் பெட்டியில் சிவப்பு விளக்கு. அணைத்துப் போட்டோம், சிம்மைக் கழற்றி மாட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனியிலிருந்து போனில் பேசிய பையன் “ஏசியா முழுக்க எடுக்கும் சார்” என்று அடித்துச் சொல்லியிருந்தான். பில்லை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ‘எம்ஒய்’ என்று இரண்டு எழுத்து. ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்திருந்தேன். மலேசியாவாம் அது. சிங்கப்பூரும் சேர்ந்த பிளான் தனி.

அந்த நேரம் பார்த்து வரிசையில் அம்மாவை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூருக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். மகள் எல்லோருக்கும் நிரப்பியிருந்தாள், அம்மாவின் பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. திருப்பி நிரப்ப நெட் இல்லை. பஸ்காரர் காத்திருக்கவில்லை, போய்விட்டார். மாமனார் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

நாங்கள் சத்தமாகப் பேசிக்கொண்டதைக் கேட்டு ஒரு தம்பி கிட்டே வந்தார்.

“அண்ணே, எந்த ஊரு?”

“வலங்கைமான்.”

“நமக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம்ணே. ஹாட்ஸ்பாட் போடுறேன், நிரப்புங்க.”

ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அம்மா அவருக்கு ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்ட, “உள்ள போயி வாங்கிக்கிறேன் ஆத்தா” என்று சிரித்தவர், வேறு வரிசையில் போய் ஆள் தெரியாமல் மறைந்துவிட்டார். சிங்கப்பூரில் இருந்த நான்கு நாளும் அந்தப் பெட்டி சூட்கேஸில் சும்மா கிடந்தது. அதற்கும் வாடகை ஓடியது.

ஊர் வந்து திருப்பி அனுப்பப் போனால், அதே கூரியர் ஆபீஸ், அதே ஆள். பேட்டரி இருக்கிற பார்சல் விமானத்தில் ஏறாது, ரோடு வழிதான், மூன்று நாள் ஆகும் என்றார். கடைசி நாள் வரை வைத்திருந்தால் தாமதக் கட்டணம் கட்ட நேர்ந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து, சார்ஜர் ஒயர் இல்லை என்று டெபாசிட்டில் 600 ரூபாய் பிடித்துக்கொண்டு மெயில் வந்தது. பார்சல் வந்த அன்றே மனைவி அதைப் பிரித்துத் தரையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தார். அப்போது நான் கிண்டல் செய்தேன். அந்தப் போட்டோவில் பெட்டி, பவர் பேங்க், பை மூன்றுதான். ஒயர் முதலிலிருந்தே கிடையாது. படத்தை அனுப்பிய மறுநாள் 600 ரூபாய் வந்து சேர்ந்தது. மனைவி அதை என்னிடமிருந்து ரொக்கமாக வாங்கிக்கொண்டார்.