வெள்ளை உடுத்த அரசி

1993ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் அருமையாகவே கிடைத்தமையால், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிதளவு எண்ணெய் விட்டு எரித்த விளக்கின் முன்னிருந்துதான் நாங்கள் உயர்தர வகுப்புப் பாடங்களைப் படித்தோம். அந்த வெளிச்சத்தில் மனனம் செய்த ஐரோப்பிய வரலாற்றின் பெரும்பகுதி எனக்கு மறந்துபோயிற்று. எங்கள் வரலாற்று ரீச்சர் இரண்டு பாடவேளைகளில் சொல்லித் தந்த மேரி டியூடரின் கதை மட்டும் முப்பது ஆண்டுகளாகியும் மறக்கவில்லை.

இந்த மேரி இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் தங்கை. பின்னாளில் அரசியான ஹென்றியின் மகள் மேரி வேறு. பிரான்சுடன் சமாதானம் வேண்டுமென்பதற்காக 18 வயதான இவரை 52 வயதான பன்னிரண்டாம் லூயி மன்னருக்கு 1514 ஒக்ரோபர் 9ஆம் திகதி அப்வில் நகரில் மணம் முடித்து வைத்தார்கள். கப்பலேறும் முன்னர் அவர் தமையனிடம் ஒரு வாக்குப் பெற்றிருந்தார்: இந்தக் கல்யாணத்துக்குத் தான் உடன்படுவதாயின், அடுத்த கணவனைத் தானே தெரிவு செய்ய விடவேண்டும். மூன்று மாதம் நிறைவடையுமுன், 1515 ஜனவரி 1ஆம் திகதி, லூயி இறந்தார். கருவுற்றிருக்கிறாரா என்று அறிவதற்காக மேரியைப் பாரிசில் குளுனி மாளிகையில் அடைத்து வைத்தார்கள். பிரெஞ்சு அரசிகளின் துக்க உடை வெள்ளையாதலால், அவரை வெள்ளை அரசி என்றே அழைத்தார்கள்.

வெள்ளை என்ற சொல்லை ரீச்சர் சொன்னதும் வகுப்பு அடங்கிப்போயிற்று. எங்கள் ஒழுங்கைகளில் அந்த நாட்களில் வெள்ளைச் சேலை உடுத்த இளம் பெண்கள் இருந்தார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழியின் அக்கா அவர்களில் ஒருவர். 21 வயதில் கணவனை இழந்து தாய்வீடு திரும்பியவர், கோயிலுக்குப் போவதையும் விட்டிருந்தார். தோழிதான் கையை உயர்த்தினாள். “அவவின்ர தாய் தகப்பன் என்ன சொன்னவை, ரீச்சர்?” “ரெண்டு பேரும் முந்தியே மோசம் போயிட்டினம், பிள்ளை. தமையன்தான் பொறுப்பு.” அந்தப் பதில் எங்களுக்கு நன்றாக விளங்கியது.

மேரியை அழைத்து வர ஹென்றி அனுப்பியவர் சபோக் டியூக், சார்ள்ஸ் பிராண்டன். ஹென்றியின் தகப்பன் முடியை வென்ற பொஸ்வேர்த் போர்க்களத்தில் அவருக்காகக் கொடி தாங்கி மடிந்த ஒருவரின் மகன். அரண்மனையில் வளர்ந்த அழகன். குதிரையேறி ஈட்டி பொருதுவதில் வல்லவர். ரீச்சர் இவரை நல்லவராக்கிக் காட்டவில்லை. ஆன் பிரவுண் என்ற பெண்ணுக்கு வாக்குக் கொடுத்து அவர் கருவுற்ற பின்னர் கைவிட்டதையும், ஆனின் உறவினரான பணக்கார விதவையைக் கட்டி நிலங்களை விற்றுக் காசாக்கியதையும், அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கிவிட்டு மறுபடி ஆனிடமே வந்து அவரை மணந்ததையும், ஆன் இறந்த பின் தன் பாதுகாப்பிலிருந்த சிறுமியை நிச்சயம் செய்து அவளுடைய பட்டத்தைத் தனதாக்கியதையும் அவர் ஒன்றுவிடாமல் கரும்பலகையில் எழுதினார். “காவாலி” என்று பின்வாங்கிலிலிருந்து ஒருத்தி சொன்னாள். அந்தச் சொல்லை ரீச்சர் மறுக்கவில்லை.

மேரியை மணக்கமாட்டேன் என்று ஹென்றிக்கு உறுதி கொடுத்துவிட்டே பிராண்டன் பாரிசுக்குப் போனார். அங்கே மேரி அழுத அழுகையைப் போல் வேறெந்தப் பெண்ணும் அழக் கண்டதில்லை என்று பின்னர் எழுதினார். அரசனின் அனுமதியின்றி, ஒரு சிலர் மட்டும் அறிய, இருவரும் மணம் முடித்தார்கள். அரச குருதியைச் சேர்ந்த பெண்ணை அப்படி மணப்பது தலை போகும் குற்றம். மேரியோ தமையனுக்கு எழுதிய கடிதத்தில் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். இப்போது இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை என்று பிராண்டனிடம் முதலில் சொன்னவர் தானே என்றும், கரையில் தந்த வாக்கை நினைத்துப் பார்க்கும்படியும் கேட்டார். நகைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் தமையனுக்கே கொடுத்து, 24,000 பவுணை ஆண்டுத் தவணைகளாகக் கட்டவும் உடன்பட்ட பின்னரே மன்னிப்புக் கிடைத்தது. 1515 மே 13ஆம் திகதி கிறீனிச்சில் ஊரறியத் திருமணம் நடந்தது.

பிராண்டன் திருந்தினாரா என்று ரீச்சர் எங்களிடம் கேட்டார். நாங்கள் வாதாடினோம். பதினெட்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். பழைய திருமணத்தால் இந்தத் திருமணத்துக்குக் கேடு வராதிருக்க 1528இல் பாப்பரசரின் உறுதிப்பத்திரத்தையும் பிராண்டன் பெற்றார். ஆனால் 1533 ஜூன் 25ஆம் திகதி மேரி இறந்து மூன்று மாதத்துக்குள், மகனுக்கு நிச்சயித்திருந்த 14 வயதுச் சிறுமியைத் தானே மணந்துகொண்டார். இன்றும் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. மேரியுடன் வாழ்ந்த காலத்தில் அவர் வேறு மனிதராக இருந்தார் என்றே நான் நம்புகிறேன். அதைச் செய்தது மேரியின் துணிவு. வகுப்பில் தோழி வாய் திறக்கவில்லை. அன்றிரவு அவள் விளக்கடியில் அக்காவுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் மிச்சத்தைக் கேட்க அக்கா படலையிலேயே நின்றாராம்.

சென்ற ஆண்டு தோழி கனடாவிலிருந்து வந்தபோது, இருவரும் மேரியின் கல்லறை இருக்கும் இங்கிலாந்தின் பெரி சென் எட்மண்ட்ஸ் நகருக்குப் போனோம். முதலில் அவரை அடக்கம் செய்த அந்நகர் மடாலயம் கலைக்கப்பட்டபோது மேரியின் உடலை அருகிலுள்ள சென் மேரிஸ் தேவாலயத்துக்கு மாற்றினார்கள். அங்கே பீடத்தருகில் அவருடைய கல்லறையும், விக்டோரியா மகாராணி அளித்த, அவர் வாழ்க்கையைச் சொல்லும் வண்ணக் கண்ணாடி யன்னலும் இருக்கின்றன. 1784இல் கல்லறையைத் திறந்தபோது வெட்டியெடுத்த தலைமுடியின் ஒரு சிறு கற்றை மொயிஸ் ஹோல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோழி கண்ணாடியோடு முகத்தை வைத்து நெடுநேரம் அதைப் பார்த்தாள். வெளியே வந்ததும் ஊரிலிருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். தலைமுடி என்ன நிறம் என்று அக்கா கேட்டார். பொன்னிறம், கொஞ்சம் சிவப்போடிய பொன்னிறம் என்று தோழி சொன்னாள்.