‘அப்புறம் தர்றேன்’ என்று சொன்னால்

மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து "இதுக்குப் பொறுமையே கிடையாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கடைசியாக "அப்புறம் தர்றேன்" என்று சொன்னதைக் கொடுத்தீர்களா என்று கேட்கத் தோன்றும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் செய்த மார்ஷ்மெல்லோ சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மார்ஷ்மெல்லோ என்பது பஞ்சுபோன்ற ஒரு மிட்டாய். பிள்ளைக்கு உடனே வேண்டுமென்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்பது மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை அலசி, குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிப்போனது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 2013இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. பிள்ளைகளிடம் பழைய கிரேயான்களைக் கொடுத்து, கொஞ்சம் பொறுத்தால் நல்லதாக நிறைய கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம் "மன்னிச்சிடு, இல்லையாம்" என்று வெறுங்கையோடு வந்து நின்றார்கள். ஸ்டிக்கரிலும் இதே கதை. அதன் பிறகுதான் மார்ஷ்மெல்லோ. ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள், சொன்ன பொருள் கிடைத்த பிள்ளைகள் 12 நிமிடம். ஏமாந்த பிள்ளை சட்டென்று எடுத்து வாயில் போட்டதை எப்படிப் பொறுமையின்மை என்பது? அது சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது!

இன்னொன்று, பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துவிட்டு "தொடாதே" என்பது. மூடி வைத்தால் பிள்ளைகள் அதிக நேரம் தாக்குப்பிடிப்பதை மிஷெலே கண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் முறுக்கு டப்பா மேல் ஷெல்ஃபில்தான் இருக்கும். "அஞ்சு நிமிஷம்" என்றால் மகளுக்கு ஒன்றும் புரியாது. குக்கர் மூணு விசில் அடித்ததும் என்றால் புரியும், ஒவ்வொரு விசிலுக்கும் விரலை மடக்கிக்கொண்டு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது விசில் வந்ததும் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு டப்பாவை இறக்கிவிடுவேன். கடைக்குப் போகும்போது வாங்கித் தரும் எண்ணம் இல்லையென்றால், "நாளைக்கு" என்று சமாளிக்காமல், இன்றைக்குக் கிடையாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவேன். அழத்தான் செய்வாள், அழட்டும்.