மூத்தவளின் 14ஆம் பக்கம்

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே எல்லா ஏற்பாடுகளையும் முடித்துவிட்டதாக நானும் கணவரும் நிம்மதியாக இருந்தோம். 3 வயதுக் கடைக்குட்டி வழக்கமான காப்பகத்துக்கே போவான்; 8 வயது நடுப்பிள்ளைக்குக் காலையில் அரைநாள் விளையாட்டு முகாம்; நாங்கள் இருவரும் நாள் மாற்றி நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால், 12 வயது மூத்தவளுக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்று முடிவு செய்தோம். ‘அவளுக்கென்ன, வளர்ந்த பெண்’ என்று நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

எந்தப் பிள்ளை எந்த இடத்தில் இருக்கும் என்பதைத்தான் நாங்கள் திட்டமிட்டிருந்தோம். ஓர் இடத்துக்கும் மற்றோர் இடத்துக்கும் நடுவிலிருந்த நேரங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நண்பகலில் முகாம் முடிந்து நடுப்பிள்ளை வீட்டுக்கு வரும்போது, வீட்டிலிருக்கும் பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். கடைசி இரண்டு வாரங்களுக்குக் காப்பகமும் மூடப்பட்டதால் கடைக்குட்டியும் வீட்டிலேயே இருந்தான். யாரும் கேட்காமலேயே மூத்தவள் சோறு ஊட்டினாள், தூங்க வைத்தாள், சண்டைகளை விலக்கிவிட்டாள். விடுமுறையின் கடைசி நாளன்று அவள் கட்டிலை ஒழுங்குபடுத்தியபோது, நூலகத்திலிருந்து ஆசையாக எடுத்துவந்த தடிமனான புத்தகத்தில் அடையாளச் சீட்டு 14ஆம் பக்கத்திலேயே இருந்ததைப் பார்த்தேன். “படிக்க உட்கார்ந்தா தம்பி எழுந்துடுறான்மா” என்றாள். அவள் குரலில் புகார் இல்லாததுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

1989இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தைகளின் உரிமையாகவே குறிப்பிடுகிறது. மூத்த பிள்ளையைத் தவிர என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே இந்த ஆண்டு அட்டவணையை வேறு விதமாகப் போட்டோம். காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை அரைமணிக்கொரு கட்டம் வரைந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக, அந்த நேரத்தில் பொறுப்பிலிருக்கும் பெரியவரின் பெயரை எழுதினோம். பெயரில்லாத கட்டங்களைப் பார்த்தபோதுதான் சென்ற ஆண்டு அவள் எவ்வளவு சுமந்திருக்கிறாள் என்பது புரிந்தது. இப்போது அவளுடைய உதவி நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே, அதுவும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது. குளிப்பாட்டுவதும் அடுப்பும் அவள் பொறுப்பல்ல.

வயது வித்தியாசத்தின் உண்மையான சிக்கல் பிற்பகலில்தான் தெரியும். 3 முதல் 5 வயதுள்ள பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சின்னவன் கண்ணயரும் அதே நேரத்தில்தான் நடுப்பிள்ளைக்குச் சுவரில் பந்தடிக்கத் தோன்றும். அரைநாள் முகாம் என்றால் காலை நேரம்தான் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டிருந்தோம். பிற்பகல் பிரிவில் அவனைச் சேர்த்ததும் வீட்டில் பாதிச் சண்டை குறைந்துவிட்டது. மூத்தவளின் மணிகள், சிறு காந்தங்கள், பொத்தான் பேட்டரிகள் எல்லாம் பூட்டுள்ள மேல் அலமாரிக்குப் போயின. விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும் என்பதால் இதில் மட்டும் நான் யாருடனும் பேரம் பேசுவதில்லை.

பிள்ளைகளை அழைத்துவர அனுமதி உள்ளவர்களின் பெயர்கள், மருந்து விவரம், ஒவ்வாமை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி எல்லா இடங்களிலும் கொடுத்துவிட்டோம். காய்ச்சலோடு வரும் பிள்ளையை முகாமும் காப்பகமும் சேர்த்துக்கொள்ளாது என்பதால், ஆளுக்கு மூன்று நாள் விடுப்பைத் தொடாமல் வைத்திருக்கிறோம். தெரிந்த குடும்பத்தோடு நாள் மாற்றிப் பார்த்துக்கொள்வதும் நல்ல வழிதான், ஆனால் அவர்களுக்கு ஒரே பிள்ளை, எங்களுக்கு மூன்று. ஒரு நாளுக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டால் நட்பு நீடிக்காது. அவர்கள் ஒரு நாள் பார்த்துக்கொண்டால் நாங்கள் இரண்டு நாள் பார்த்துக்கொள்கிறோம்.

அட்டவணை இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. வியாழக்கிழமை 3 மணிக் கட்டத்தில் நான் பழக்க தோஷத்தில் எழுதிவிட்ட தன் பெயரை மூத்தவள் நேற்று அடித்துவிட்டு ‘அப்பா’ என்று எழுதியிருக்கிறாள். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு கூட்டம் இருக்கிறது; கூட்டத்தைத்தான் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.