தரங்கம்பாடியில் ஒரு தாழ்வாரம்

மயிலாடுதுறையிலிருந்து பொறையாறு வழியாக நானும் அம்மாவும் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தபோது மாலை நான்கு மணி ஆகியிருந்தது. 1792-இல் கட்டப்பட்ட நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு எழுப்பிய 1718-ஆம் ஆண்டுத் தேவாலயத்தைக் கடந்து நேராக நடந்தால் கடல். கோட்டைக்கு அருகே, முன்பு பிரிட்டிஷ் கலெக்டரின் இல்லமாக இருந்து இப்போது விடுதியாகிவிட்ட பங்களாவில் ஓர் இரவுக்கு அறை எடுத்திருந்தோம்.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அந்த வீட்டின் அருமையெல்லாம் அதன் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. வரிசையாகத் தூண்கள் தாங்கி நிற்கும் அகன்ற தாழ்வாரம், வெயிலைச் சுவரில் விழவிடாமல் தடுத்து, பிற்பகலில் கிளம்பும் கடற்காற்றை மட்டும் உள்ளே அனுப்புவதால், ஏசியைப் போட வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. காற்றும் தன் கூலியை வாங்காமல் விடுவதில்லை: எங்கள் அறைக் கதவின் பித்தளைத் தாழ்ப்பாளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. “தினமும் துடைக்கிறோம் சார், மறுநாளே வந்துடுது” என்றார் பணியாளர்.

இரவுச் சாப்பாட்டுக்கு மெனு அட்டையைத் தேடிய என்னிடம், “இன்னைக்கு வஞ்சிரம் வரலை, சங்கராதான் நல்லா இருக்கு” என்றார் அவர். அட்டையைப் பார்த்துச் சமைக்காமல் கரைக்கு வந்த மீனைப் பார்த்துச் சமைக்கும் இடத்தை நம்பலாம் என்பது என் கட்சி. தாழ்வாரத்திலேயே மேசை போட்டார்கள். குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்த அம்மா, புளி கொஞ்சம் தூக்கல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நடுமுள்ளைப் பிடித்து இழுத்ததும் சதை தனியாகக் கழன்று வந்த அந்த மீனில் நான் குறை காண முயலவில்லை.

விடியுமுன் எழுந்து கரையோரம் நடந்தோம். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை, 1845-இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அதைவிட மூத்தது, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

திரும்பி வந்தபோது, அதே பணியாளர் எங்கள் கதவருகே குந்தி, புளியால் தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து குழம்புல விழுந்தது போக மிச்சம்போல” என்று அம்மா என் காதில் சொன்னார்.