துப்பட்டாத் தூளியிலிருந்து கொடைக்கானல் ஏரிக்கரை வரை

மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தது செப்டம்பர் கடைசியில். பக்கத்துத் தெருவில் பாதி கட்டி நின்றுபோன வீட்டின் மணல் குவியலில் நான்கு நாய்க்குட்டிகள் கிடந்தன. மூன்றை யார் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியவள் இவள். உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை. ஐம்பது நாள் இருக்கும் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார் கால்நடை மருத்துவர்.

அன்றைக்கு அவர் சொன்னதை வைத்துத்தான் அடுத்த ஐந்து மாதமும் ஓட்டினோம். “தடுப்பூசி எல்லாம் முடியுற வரைக்கும் வெளியில தரையில விடாதீங்கம்மா. அதுக்காக வீட்டுக்குள்ளயே போட்டுப் பூட்டியும் வைக்காதீங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் விளக்கினார். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நோய் வந்த நாய் மலம் கழித்த இடத்தில் குட்டி மூக்கை வைத்தாலே போதும். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சில நாளில் உயிரே போய்விடலாம். அதனால் தரை கூடாது. ஆனால் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான் குட்டியின் மனசு புதிய எதையும் சுலபமாக ஏற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் பேருந்தையும் குடையையும் குழந்தைகளையும் பார்க்காமல் வளர்ந்த நாய், பிற்பாடு அவற்றைக் கண்டு மிரளும். மிரண்டால் கடிக்கவும் செய்யும். தடுப்பூசிக் காலமும் இந்தக் காலமும் ஒன்றாக வந்து விழுகின்றன, என்ன செய்வது?

“தூக்கிட்டுப் போங்க” என்றார்.

பழைய பருத்தித் துப்பட்டா ஒன்றைத் தோளில் குறுக்காகக் கட்டித் தூளியாக்கி, அதில் மிளகைப் போட்டுக்கொண்டு திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தினமும் காலை ஆறரைக்கு நடக்க ஆரம்பித்தேன். பால் பாக்கெட் டப்பாக்களை வண்டியிலிருந்து இறக்கிப் போடும் சத்தம், கோயில் மணி, கீரைக்காரரின் சைக்கிள், பள்ளி வேன். முதல் நாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டாள். அவள் நெஞ்சு படபடவென்று அடிப்பது துணியையும் தாண்டி என் விலாவில் தெரிந்தது. ஏழே நிமிடத்தில் வீடு திரும்பினேன். நான்காம் நாள் மூக்கு மட்டும் வெளியே வந்தது. பத்தாம் நாள் இரண்டு முன்கால்களையும் துப்பட்டா விளிம்பில் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்தவள் போலத் தெருவை வேடிக்கை பார்த்தாள்.

“என்னா கண்ணு, கைப்புள்ளையைத் தூக்கினு வர்ற மாதிரி வர்றே?” என்று கேட்டார் கோயில் வாசலில் பூக் கட்டும் அம்மா. மறுநாளிலிருந்து எங்களுக்காக அவரே காத்திருந்தார். மனிதக் கை பூ வாசனையோடும் இருக்கும் என்று மிளகு கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா. உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழி, நகக்கண் அளவுத் துண்டுகளாக. அது தின்பண்டம் மட்டும் இல்லை, அவள் மனநிலையை அளக்கும் கோலும் அதுதான். புதிய ஒன்றைப் பார்க்கும்போது ஒரு துண்டை நீட்டுவேன். வாங்கித் தின்றால் அவள் நன்றாக இருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், உடனே வீடு. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, வாலைக் காலிடுக்கில் செருகுவது எல்லாமே ‘போதும்’ என்பதற்கு அடையாளம். இதைப் படிக்கத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நடுவில் தீபாவளி. பத்து நாள் முன்பிருந்தே அவள் சாப்பிடும்போது செல்போனில் வெடிச் சத்தத்தை மிக மெல்ல வைத்துத் தினம் கொஞ்சமாகக் கூட்டினோம். பண்டிகை அன்று உள்ளறையில் மின்விசிறியைச் சுழலவிட்டு, நான் தரையில் படுத்துக்கொண்டேன். நடுங்கினாள், ஆனால் கோழியைத் தின்றாள்.

கடைசித் தடுப்பூசி பதினாறாவது வாரத்தில். வெறிநோய்த் தடுப்பூசி அதற்கு முன்பே, மூன்று மாதம் முடிந்ததும் போட்டாயிற்று. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் மாநகராட்சியில் நாய் உரிமம் எடுத்தோம், கட்டணம் 50 ரூபாய். அவளை அடையாளம் காட்டும் மைக்ரோசிப்பும் போட்டுக்கொண்டோம். தடுப்பூசி அட்டை, உரிமம் இரண்டையும் செல்போனிலும் காகிதத்திலும் வைத்திருக்கிறேன். வெளியூருக்கு நாயோடு கிளம்புகிறவர்கள் காகிதப் பிரதியை விட்டுவிடாதீர்கள், பல இடங்களில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஊசி போட்டு இரண்டு வாரம் பொறுத்து, டிசம்பர் நடுவில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்குத் திருவான்மியூர் கடற்கரையில் முதல்முறையாக அவளை மண்ணில் இறக்கினோம். அசையவில்லை. நான்கு கால்களும் நான்கு திசையில், நகம் மணலில் புதைந்திருக்க, சும்மா நின்றாள். அப்புறம் ஒரு வளையிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது. மிளகு பார்த்தாள். நண்டு உள்ளே போனது. அவள் வளைக்குள் மூக்கை முழுசாக நுழைத்து ஒரு பெருமூச்சு விட்டாள், மணல் பறந்தது. அங்கிருந்து அவளைக் கிளப்ப இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு சந்தோஷமான மூக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் அன்றே ஒரு தவறும் நடந்தது. தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டோம். தாகத்தில் அலை நுரையை நக்கியிருக்கிறாள், நாங்கள் விளையாடுகிறாள் என்று நினைத்தோம். வீட்டுக்கு வரும் வழியில் வாந்தி, மாலைவரை கழிச்சல். கடல்நீர் உப்பு குட்டிகளுக்கு ஆகவே ஆகாது. அன்றிலிருந்து கிண்ணமும் தண்ணீரும் வாரோடு சேர்த்தே ஆணியில் தொங்குகின்றன. கடற்கரையில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். அறுந்த நைலான் வலைத் துண்டு, அதில் சில சமயம் தூண்டில் முள்ளும் இருக்கும். இன்னொன்று வெயில்: புறங்கையை மணலில் ஐந்தாறு விநாடி வைக்க முடியாவிட்டால் அவள் பாதமும் பொறுக்காது.

ஜனவரி பிறந்ததும் வாரைக் கழற்றுவதையே நிறுத்திவிட்டோம். அது பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழி ஒன்று மிளகின் மூக்கில் பட்டுவிட்டால் என்ன ஆகும்? நண்டு வளையைத் தோண்டிய அதே வேகத்தில் அதையும் தோண்டுவாள். அந்தக் கடற்கரை அவளுக்கு முன்பே ஆமைகளுடையது. நாய் வளர்க்கிறவர்கள் நாமாகவே அந்த மூன்று நான்கு மாதம் வாரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மாமல்லபுரம் போனபோது ஒன்று தெரிந்துகொண்டோம். தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுபோக விதி இடம் தருவதில்லை. அதனால் கடற்கரைக் கோயிலை நானும் கணவரும் முறைவைத்துத்தான் பார்த்தோம். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே மரநிழலில் மிளகோடு. அர்ச்சுனன் தபசு அப்படியில்லை, சாலையில் நின்றாலே முழுதும் தெரியும். தவம் செய்யும் பூனைச் சிற்பத்தை நான் பார்த்துக்கொண்டிருக்க, கீழே நிஜ ஆடுகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி தேசியப் பூங்கா பக்கம் போகவே இல்லை. காட்டு விலங்குகள் இருக்கும் இடத்துக்கு வீட்டு நாய் போகக்கூடாது. நோய் இங்கிருந்து அங்கும் போகும், அங்கிருந்து இங்கும் வரும்.

தங்கும் இடம் ஒன்றில் பட்ட அனுபவம் இன்னும் உறுத்துகிறது. ‘நாய் வரலாம்’ என்று தொலைபேசியில் சொன்னார்கள். போய் இறங்கினால், வரலாம், ஆனால் இரவு கார் நிறுத்தும் கொட்டகையில் கட்டிப்போடுங்கள் என்றார்கள். ஐந்து மாதக் குட்டியை! இரவே திரும்பி வண்டி ஓட்டினோம். இப்போதெல்லாம் முன்கூட்டியே தெளிவாகக் கேட்கிறேன்: அறைக்குள் எங்களோடு தூங்கலாமா, உங்கள் வளாகத்தில் வேறு நாய் இருக்கிறதா, தோட்டத்துக்கு வேலி உண்டா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதியும் வாங்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் கொடைக்கானல். காரில் ஒரே மூச்சாகப் போவது ஆறு மாதக் குட்டிக்கு அதிகம் என்று ரயிலைத் தேர்ந்தெடுத்தோம். ரயிலில் நாயை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பில் இரண்டு பேர் கூப்பேயோ நான்கு பேர் அறையோ முழுதாக நம்முடையதாக இருக்க வேண்டும். மற்றபடி ஏசி பெட்டியிலோ ஸ்லீப்பரிலோ கூடாது. கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு ஏசி இரண்டு டிக்கெட் எடுத்தோம். ஆனால் கூப்பேயா அறையா என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். நாய் வருகிறது, கூப்பே வேண்டும் என்று ரயில்வே வணிகப் பிரிவுக்கு முன்பே மனு எழுதிக் கொடுத்தோம். கிடைக்காவிட்டால் பயணமே வேண்டாம் என்று முடிவு. கூண்டில் அவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை.

கூப்பே கிடைத்தது. வண்டி புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே எழும்பூர் பார்சல் அலுவலகத்துக்குப் போய், டிக்கெட், அடையாள அட்டை, தடுப்பூசிச் சான்றிதழ் நகல்களைக் கொடுத்து லக்கேஜ் ரசீது வாங்கினோம். எடை போடும் மேடையில் மிளகு சமர்த்தாக உட்கார்ந்தாள். பதினொரு கிலோ. “பேர் என்ன சார்?” என்று கேட்ட ஊழியர், மிளகு என்றதும் சிரித்து, “காரமா இருக்குமோ?” என்றார்.

மதியத்துக்குப் பின் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை, தண்ணீர் மட்டும். கூப்பே தரையில் அவளுடைய வீட்டுப் போர்வை, மூலையில் பழைய செய்தித்தாள். விழுப்புரத்தில் வண்டி நின்றபோது நடைமேடை ஓரமாக இறக்கிப் பார்த்தோம், ஒன்றும் போகவில்லை. திருச்சி தாண்டிப் பின்னிரவில் எழுந்து செய்தித்தாளில் ஒழுங்காகப் போய்விட்டு வந்து என் காலடியில் படுத்தாள். அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

கொடைரோடு ரயில் நிலையத்திலிருந்து மலைக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இ-பாஸ் உள்ள வாடகைக் காரை முன்பே பேசியிருந்தோம்; 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிகள் அது இல்லாமல் ஏற முடியாது. குட்டிகளுக்குக் காதின் உள்பக்கச் சமநிலை உறுப்பு முழுதாக முதிர்ந்திருக்காது, அதனால் கொண்டை ஊசி வளைவில் குமட்டும். அரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தினோம். ஒரே ஒரு தரம்தான் வாந்தி.

அங்கே போனதும் பட்டியலைச் சுருக்கினோம். தூண்பாறை, குணா குகை எல்லாம் வனத்துறையின் கையில் இருப்பவை, வேண்டாம். இருட்டிய பின் வெளியே கூட்டிப் போகவில்லை, கொடைக்கானலில் காட்டெருமை ஊருக்குள்ளேயே வரும். குரங்குகள் இருக்கும் இடத்தில் தின்பண்ட டப்பாவைத் திறக்கவில்லை. அறைக்குத் திரும்பியதும் விரலிடுக்கு, காது மடல், கக்கம் எல்லாம் தடவி உண்ணி இருக்கிறதா என்று பார்த்தோம்.

மிச்சம் இருந்தது ஏரி. 1863-இல் லெவிஞ்ச் என்ற மதுரை ஆட்சியர் கட்டிய ஏரி. சுற்றுப்பாதை ஐந்து கிலோமீட்டர் இருக்கும். முழுச் சுற்று போகவே இல்லை. மூன்று நாளும் காலையில் அரை கிலோமீட்டர் நடை, ஒரு பெஞ்சு, அப்புறம் திரும்புதல். அங்கேதான் மிளகு முதல்முறை குதிரையைப் பார்த்தாள். உறைந்து நின்றாள், கோழியைத் தொடவில்லை. உடனே பின்வாங்கி, குதிரை கோலிக்குண்டு அளவு தெரியும் தூரத்துக்குப் போய் உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் அதே பெஞ்சிலிருந்து பத்தடி முன்னால். குதிரைக்காரத் தம்பி நிலைமையைப் புரிந்துகொண்டு, “அக்கா, நான் நிறுத்திக்கிறேன், நீங்களா வாங்க” என்று தன் குதிரையை மரத்தடியில் நிறுத்திவைத்தார்.

மூன்றாம் நாள் பனி விலகாத நேரம். குதிரை மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மிளகு வாலை நேராக வைத்துக்கொண்டு நீண்ட நேரம் அதைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, என் கையிலிருந்த கோழித் துண்டை மெல்ல எடுத்துத் தின்றாள்.