வேவ்டேஷ் ஒருவழியாகப் படிந்தது: கூடவே சில இண்டி கேம் புலம்பல்கள்

மேட்லின் என்ற பெண்ணைத் தாவித் தாவி நடத்தும் செலஸ்ட் கேமின் ஒன்பதாவது அத்தியாயமான ஃபேர்வெல்லில், வேவ்டேஷ் என்ற அசைவு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது: காற்றிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு பாய்ச்சல் (டாஷ்), தரை தொட்டதும் ஒரு குதி. தரையைத் தொட்டு எகிறும்போது மேட்லினின் முடி நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறுகிறது, அதாவது செலவான டாஷ் திரும்பிவிடுகிறது, அந்த டாஷை வைத்து அடுத்த குழியையும் தாண்ட முடிகிறது. அத்தியாயம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. இருந்தாலும் இந்த ஒரே அசைவைப் பற்றி எழுதிவிட்டுத்தான் மற்றது.

கேமுக்குள்ளேயே இதற்கு ஒரு ஸ்லைடு ஷோ பாடம் இருக்கிறது. வேடிக்கையாகத்தான் இருக்கும். கீழ்ச்சாய்வாக டாஷ் அடி, தரையில் பட்டதும் குதி என்று படம் போட்டுச் சொல்லும். அதைப் பார்த்துவிட்டுப் போனால் பாதி நேரம் வேகம் வரும், டாஷ் திரும்பாது. மீதி நேரம் டாஷ் திரும்பும், வேகம் வராது. நொடிக் கணக்கு தெரிந்தால்தான் ஏன் என்று புரிகிறது. நல்லவேளையாக, மேட்லினின் அசைவுகளுக்கான நிரலை டெவலப்பர்களே பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். எண்கள் எல்லாம் அதில் வெளிப்படையாகக் கிடக்கின்றன.

ஒரு டாஷின் நீளம் 0.15 நொடி. டாஷ் தொடங்கி 0.1 நொடி ஆகும் வரை தரையில் கால் பட்டாலும் டாஷ் திரும்பாது. ஆக, ஜம்பை அழுத்த வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேமில் அது விரல்விட்டு எண்ணக்கூடிய ஃபிரேம்கள். இதற்கு முன்னால் குதித்தால் வேகம் உண்டு, டாஷ் இல்லை. பின்னால் குதித்தால் டாஷ் உண்டு, வேகம் இல்லை. இவ்வளவுதான் மொத்த ரகசியம்.

வேகம் எங்கிருந்து வருகிறது? சாதாரண ஓட்டம் நொடிக்கு 90 பிக்சல், டாஷ் 240. டாஷ் நடுவில் தரையிலிருந்து குதித்தால் 260 கிடைக்கும். குனிந்த நிலையில் குதித்தால் அது 1.25 மடங்காகி 325 ஆகும், ஆனால் மேலெழும் வேகம் பாதியாகிவிடும். கீழ்ச்சாய்வு டாஷ் தரையில் மோதும்போது மேட்லின் தானாகவே குனிந்துவிடுகிறாள். அதனால்தான் வேவ்டேஷ் தாழ்வாகவும் வெகுதூரமாகவும் போகிறது. உயரமாக எழும்பினால் அது வேவ்டேஷே இல்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது உயரத்தில். முழு ஜம்ப் அடித்து உச்சிக்குப் போனபின் டாஷ் அடிப்பார்கள். சாய்வு டாஷ் 0.15 நொடியில் கீழே இறங்குவது சுமார் 25 பிக்சல், அதாவது எட்டு பிக்சல் கட்டத்தில் மூன்று கட்டம். முழு ஜம்பின் உச்சியோ மூன்று கட்டத்துக்கும் சற்று மேலே இருக்கிறது. தரைக்கு வருவதற்குள் டாஷ் தீர்ந்துவிடும். ஜம்ப் பட்டனை லேசாகத் தட்டிவிட்டு உடனே டாஷுக்குப் போக வேண்டும். ரொம்பத் தாழ்விலிருந்து அடித்தால் வேறு சிக்கல்: தரை சீக்கிரம் வந்துவிடும், விரலும் சீக்கிரம் குதித்துவிடும். ஒன்றரை இரண்டு கட்ட உயரம்தான் சுகமான இடம்.

அடுத்தது ஜம்ப் பஃபர். பட்டனை 0.08 நொடி முன்னதாக அழுத்தினாலும் கேம் அதை நினைவில் வைத்திருந்து, முடிந்த முதல் ஃபிரேமில் குதிக்க வைக்கும். மற்ற இடங்களில் இது வரப்பிரசாதம். வேவ்டேஷில் பகையாளி. தரையில் பட்ட மறுகணமே குதித்துவிடுவதால் 0.1 நொடி எல்லையைத் தொடாமலே போய்விடும். அவசரக் கைக்கு டாஷ் திரும்பாததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

எது தவறியது என்று கண்டுபிடிக்கத் தலைமுடியின் நிறமும் ஜம்பின் உயரமும் போதும். தாழ்வாகப் பாய்ந்து முடி நீலமாக இருந்தால் அவசரம். முடி சிவப்பாகி ஜம்ப் உயரமாக, மந்தமாக இருந்தால் தாமதம். ஜம்பே விழாமல் தரையில் சறுக்கி நின்றால் பட்டன் சரியாகப் பதியவில்லை, விரல் வைக்கும் முறையை மாற்ற வேண்டும். பத்துத் தடவை சும்மா முயல்வதைவிட, ஒவ்வொரு தடவையும் முடியைப் பார்ப்பது லாபம்.

குதித்த பின்னும் ஒரு சங்கதி இருக்கிறது. 325-இல் பறக்கும்போது திசையை அழுத்திப் பிடித்திருந்தால் வேகம் நொடிக்கு 260 என்ற கணக்கில் குறையும். விட்டுவிட்டால் 650. அதாவது இரண்டரை மடங்கு வேகமாகக் கரையும். டாஷுக்குக் கீழ்ச்சாய்வு பிடித்த கட்டைவிரல், குதிக்கும்போது தன்னறியாமல் நடுவுக்கு வந்துவிடும். குழியின் விளிம்பில் அரைக் கட்டம் தவறுவது அங்கேதான். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைவது என்றால் இதுதான். ஜம்ப் பட்டனையும் அப்படியே பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்கெனவே தாழ்வான ஜம்ப் இன்னும் தாழும்.

பட்டன் அமைப்புக்கு வருவோம். எக்ஸ்பாக்ஸ் மாதிரிக் கண்ட்ரோலரில் ஏ ஜம்ப், எக்ஸ் டாஷ். ஒரே கட்டைவிரல் எக்ஸிலிருந்து ஏவுக்குத் தாவினால் நேரம் சீராக வராது. கட்டைவிரலைப் படுக்க வைத்து நுனியால் எக்ஸ், மடக்குப் பகுதியால் ஏ என்று உருட்டலாம். அதைவிட நல்லது, கேமின் அமைப்புகளில் போய் டாஷை வலது தோள் பட்டனுக்கு மாற்றிவிடுவது. இரண்டு விரல் இரண்டு வேலை. சுவரைப் பிடிக்கும் கிராப் இடது ட்ரிகரில் இருக்கட்டும். கைக்குப் பழக ஒன்றிரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழைய அமைப்புக்குத் திரும்ப மனம் வராது.

ஸ்டிக்கா டி-பேடா (கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டன்) என்ற பஞ்சாயத்தில் என் ஓட்டு டி-பேடுக்கு. செலஸ்ட்டுக்குத் திசை எட்டுதான், அதைச் சொல்ல ஸ்டிக்கின் நுணுக்கம் தேவையில்லை. ஸ்டிக் பழசாகி நடுப்புள்ளி நகர ஆரம்பித்தால் சாய்வு டாஷ் நேர் டாஷாக மாறித் தொலையும். ஆனால் மலிவு கண்ட்ரோலர்களின் டி-பேடில் சாய்வு சரியாகப் பதியாது, வாங்கும்முன் அதைத்தான் சோதிக்க வேண்டும். ஸ்டிக்தான் வேண்டும் என்பவர்கள் காந்தத்தால் நகர்வை அளக்கும் ஹால் எஃபெக்ட் சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். உரசித் தேயும் பாகம் இல்லாததால் நகர்வுத் தொல்லை குறைவு. கம்பி இணைப்பு இருந்தால் ப்ளூடூத்தை விட்டுவிடுங்கள். டிவியில் விளையாடுபவர்கள் கேம் மோடைப் போடாமல் டைமிங்கைப் பற்றிப் புலம்பக் கூடாது. அது போடாத டிவியில் படமே தாமதமாகத்தான் வருகிறது.

பயிற்சிக்கு, கேமை எளிதாக்கும் அசிஸ்ட் மோடில் வேகத்தை 50 சதவீதம் வரை குறைக்கலாம். தனி சேவ் ஃபைலில் செய்வது நல்லது. என் கருத்தில் 80-க்குக் கீழே போவது வீண். 50-இல் விரல் கற்பது வேறு தாளம், 100-க்கு வந்ததும் அது உதவாது. ரசிகர்கள் செய்யும் மாற்றங்களை (மாட்) கேமில் ஏற்றும் எவரெஸ்ட் மாட் லோடர் போட்டவர்களுக்கு ஸ்பீட்ரன் டூல் இருக்கிறது. குழிக்கு முன்னால் ஒரு சேவ் ஸ்டேட் வைத்துவிட்டு அந்த ஒரே தாவலைத் திரும்பத் திரும்பப் போடலாம். முழு வேகத்தில் பழகுவதால் பலன் அதிகம்.

இவ்வளவு திட்டினாலும் 2018-இல் வந்த இந்த கேமை நியாயமான கேம் என்றுதான் சொல்வேன். தோற்றால் ஏன் தோற்றோம் என்று திரையிலேயே சொல்லிவிடுகிறது. மற்ற கேம்களையும் இந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன்.

ஹாலோ நைட்: சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று வந்ததிலிருந்து, கடினம் கடினம் என்று ஒரே கூச்சல். பழைய ஹாலோ நைட்டில் எதிரியை அடிக்கும் ஒரு அடிக்கு 11 சோல் (குணப்படுத்தும் சக்தி) சேரும், ஒரு மாஸ்க் (உயிர்ப் புள்ளி) குணமாக 33 வேண்டும். மூன்று அடிக்கு ஒரு மாஸ்க். சில்க்சாங்கில் ஒரு அடிக்கு ஒரு சில்க், ஒன்பது சில்க்குக்கு மூன்று மாஸ்க். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றே! வித்தியாசம் எங்கே என்றால், முன்னதில் சில்லறையாக எடுக்கலாம், பின்னதில் மொத்தமாகத்தான். நடுவில் அடி வாங்கினால் ஒன்பதும் போச்சு. போதாததற்கு ஒரே அடியில் இரண்டு மாஸ்க் பறிக்கும் எதிரிகள். தொடக்கத்தில் இருக்கும் ஐந்து மாஸ்க் மூன்று அடியில் காலி. அதனால் ஒரு மாஸ்க் போனதும் குணப்படுத்த ஓடும் பழக்கத்தை விட்டுவிட்டு, மூன்று போகும்வரை பொறுக்க வேண்டும். பழைய கேமின் கைப்பழக்கத்தோடு வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். இது அநியாயம் இல்லை, புதுச் சட்டம்.

சில்க்சாங்கின் நாயகி ஹார்னெட்டின் கீழ்த்தாக்குதலும் அப்படியே. தாக்கும் பாணியைத் தீர்மானிப்பது கிரெஸ்ட்; ஹன்டர் கிரெஸ்டில் அது சாய்வாகப் பாயும். இலக்குக்கு நேர் மேலே நின்று அடித்தால் தாண்டிப்போய் முள்ளில் விழுவோம். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் பக்கவாட்டில் தள்ளி நின்று பாய வேண்டும். அது ஒத்துவராதவர்களுக்கு வாண்டரர் கிரெஸ்டில் பழையபடி நேர் கீழ்வெட்டு உண்டு. ஆனால் எட்டும் தூரம் குட்டை. ஹன்டரோடு மல்லுக்கட்டுவதே மேல் என்பது என் கட்சி, பாய்ச்சலின் வீச்சு வேறு எதிலும் இல்லை.

பழைய ஹாலோ நைட்டில் ஒயிட் பேலஸின் பாத் ஆஃப் பெயின் என்ற கொடூரமான தாவல் பாதையை இன்னும் முடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ஹைவ்பிளட் சார்ம் (அணியும் தாயத்து). சார்ம் அணிவதற்கான இடத்தில் நான்கு நாட்ச் தின்னும், ஆனால் கடைசியாக இழந்த மாஸ்க் சும்மா நின்றாலே திரும்பி வரும். ரம்பங்களுக்கு நடுவே குணப்படுத்த எதிரியைத் தேட வேண்டியதில்லை. லாங்நெயில் போன்றவற்றை அங்கே கழற்றி வைப்பது என் விருப்பம். வீச்சு நீண்டால் துள்ளும் நேரம் மாறிவிடுகிறது.

கை வலிக்கும் நாட்களுக்கு போக்கர் சீட்டு கேமான பலாட்ரோ. 2024-இல் வந்தது, ஒரே ஆள் செய்தது, இன்னமும் அதில் ஜோக்கர் வரிசையைக் கவனிக்காமல் ஆடுபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மதிப்பெண்ணை ஏற்றும் சிறப்புக் கார்டுகளான ஜோக்கர்கள் இடமிருந்து வலமாகக் கணக்கிடப்படும். ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டான ஃப்ளஷின் மல்ட் (மதிப்பெண்ணைப் பெருக்கும் எண்) 4. கூட்டல் 4 தரும் சாதாரண ஜோக்கர் இடப்பக்கம், மூன்றால் பெருக்கும் கேவண்டிஷ் வலப்பக்கம் என்றால் 24. இடம் மாற்றினால் 16. அதே இரண்டு கார்டு, மூன்றில் ஒரு பங்கு மாயம். கையிலிருந்து இறக்கும் கார்டுகளுக்கும் இதே விதி. முதல் முகக் கார்டு எண்ணப்படும்போது மல்ட்டை இரட்டிக்கும் ஃபோட்டோகிராஃப் ஜோக்கர் இருந்தால் முகக் கார்டை வலது ஓரத்துக்கு இழுத்து வைக்க வேண்டும், மல்ட் கார்டுகள் முன்னால் எண்ணப்பட்டு முடியட்டும். ஆம்பர் ஏகார்ன் என்ற பாஸ் சுற்று வந்தால் ஜோக்கர்களைக் கவிழ்த்துக் கலைத்துவிடும், அப்போது வரிசையை நம்பிய கட்டு படுத்துவிடும். சாதாரணமாகக் கையிருப்பு 25 டாலருக்கு மேல் வட்டி ஏறாது, அதற்கு மேல் சேர்த்து வைப்பது கஞ்சத்தனமே தவிர உத்தி அல்ல.

மாறி மாறி ஆடும் உத்தி கேமான இன்டு தி பிரீச், எதையும் மறைக்காமல் காட்டும் விஷயத்தில் எல்லோருக்கும் அண்ணன். எட்டுக்கு எட்டு கட்டம், மூன்று மெக் (ராட்சத ரோபோ), எதிரி எங்கே அடிக்கப் போகிறான் என்று முன்கூட்டியே காட்டிவிடும். புதியவர்கள் கொல்லப் பார்ப்பார்கள். தள்ளத்தான் பார்க்க வேண்டும். வெக் எனப்படும் எதிரிப் பூச்சி ஒன்றைத் தள்ளி இன்னொன்றில் மோதவிட்டால் இரண்டுக்கும் ஒரு புள்ளி சேதம், போதாக்குறைக்கு அதன் அடி பக்கத்துக் கூட்டாளிமேல் விழும். ஒரு டர்னை ரத்துசெய்து மறுபடி ஆடும் வசதி ஒரு சண்டைக்கு ஒருமுறைதான், முதல் டர்னிலேயே அதைச் செலவழிக்காதீர்கள்.

துப்பறியும் கேமான ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னைப் பற்றி எழுதினால் கெடுத்துவிடும். கப்பலில் இருந்த 60 பேரின் கதியைக் கண்டுபிடிக்க வேண்டும், விடைகளை மூன்று மூன்றாகச் சரிபார்க்கும் என்பது மட்டும் போதும். ஊகம் போடுபவர்களை அந்த மூன்று நன்றாகவே மடக்குகிறது.

வாங்கும் இடம் பற்றி: ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கண்ட்ரோலர் ஒத்துவருகிறதா என்று பார்க்க அது தாராளம். நிறுவல் ஃபைலைக் கையில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஜிஓஜியில் தேடலாம், அங்கே டிஆர்எம் (நகல் தடுப்புப் பூட்டு) தொல்லை கிடையாது. சின்னச் சின்னச் சோதனை கேம்களுக்கு இட்ச்.

ஃபேர்வெல் முடிவதற்குள்ளாகவே ஸ்ட்ராபெர்ரி ஜாமைத் தரவிறக்கி வைத்தாயிற்று. 2023-இல் செலஸ்ட்டுக்காக ரசிகர்கள் சேர்ந்து வெளியிட்ட மாட், பிகினர் தொடங்கி கிராண்ட்மாஸ்டர் வரை கடினத்துக்கு ஏற்ப ஐந்து லாபி, கூடவே ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகப் பழக ஜிம். அதில் அடுத்த குறி ரிவர்ஸ் ஹைப்பர்: குதிக்கும் கணத்தில் மேட்லின் பார்க்கும் பக்கம்தான் 325 போகும் என்பதால், டாஷ் ஒரு பக்கம் அடித்துவிட்டுக் குதிக்கும்முன் திசையைத் திருப்ப வேண்டும். டி-பேடில் கட்டைவிரல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவதற்குள் அந்தச் சில ஃபிரேம்கள் முடிந்துவிடுகின்றன. இதற்கு மட்டும் கீபோர்டுதான் சரிப்படுமோ என்ற சந்தேகம் இருக்கிறது; இடது வலது அம்புகளுக்குத் தனித்தனி விரல் கிடைக்கும்.